கிணற்றடியில் ஒற்றைத் தும்மல்

ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. பாழுங்கிணற்றுக்குள் இறங்க வேண்டிய மூன்று பேரும் இன்னும் கிணற்றடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான்காவது தடவையாக.

"அப்பா, உள்ள ஒரு பொண்ணு மூணு நாளா கெடக்கா. நீங்க என்னடான்னா..." என்று கத்த வாயெடுத்த பிருந்தா சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். மிளகாய் வற்றல் மண்டியின் மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த இம்மானுவேல் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

அந்தப் பேனாவுக்குத்தான் அவள் பயந்தாள்.

இம்மானுவேல், பெங்களூரில் விளையாட்டுகளை அச்சிட்டு விற்கும் ஒரு நிறுவனத்தின் ஆள். பிருந்தா உருவாக்கிய கதையாட்டத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காகக் காலையில்தான் அருப்புக்கோட்டைக்கு வந்து இறங்கியிருந்தார். சோதனை சுலபமானது. இதுவரை ஆடியே பழகாத மூன்று பேர். இரண்டரை மணி நேரம். அதற்குள் கதை முடிய வேண்டும். கதைசொல்லி பிருந்தா. ஆடுகிறவர்களிடம் இதைச் செய், அதைச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. தேறினால் ஆட்டம் அச்சுக்குப் போகும்.

தேறாவிட்டால் நாளைக் காலை சென்னை பஸ். எட்டு மாதத்துக்கு முன் உதறிவிட்டு வந்த அதே கம்பெனி, அதே நாற்காலி. திரும்ப வருகிறாயா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். "இது தேறலேன்னா பேசாம வேலைக்குப் போயிர்றேன்" என்று அப்பாவிடம் அவளே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

ஆட வேண்டியவர்களும் இவர்கள் இல்லை. ரோஷினி என்ற காலேஜ் பெண்ணும் அவளுடைய இரண்டு தோழிகளும் வருவதாக ஏற்பாடு. மதியம் இரண்டு மணிக்கு ரோஷினி போன் பண்ணினாள். "அக்கா, விருதுநகர்ல ஒரு வளைகாப்பு. பஸ்ஸுல ஏறிட்டோம்க்கா. சாரிக்கா." கட்.

"யாரா இருந்தாலும் சரி. புது ஆளா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார் இம்மானுவேல்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டி விடுமுறை. கையில் அகப்பட்ட புது ஆள்கள் மூன்று பேர். வற்றல் மண்டி நடத்தும் அப்பா வெள்ளத்துரை. அம்மா ரேணுகாதேவி. திருச்சுழிக்கு அந்தப் பக்கமிருந்து நாள் தெரியாமல் நாலு மூட்டை வற்றலோடு வந்து மாட்டிக்கொண்ட, விவசாயம் பார்க்கும் சம்சாரி சீனிச்சாமி. மூவருக்கும் மண்டித் துண்டால் கண்ணைக் கட்டி, ஈரச் சாக்கின் மேல் காலை வைக்கச் சொல்லி உட்கார்த்தினாள்.

ஆட்டத்தில் மூன்று கதைகள், ஒன்றுக்குள் ஒன்று. கதைக்கு ஒரு தகர டப்பா. டப்பாவுக்குள் அந்தக் கதையின் வாசனை. திறந்தால் கதைக்குள் போகிறோம், மூடினால் வெளியே வருகிறோம். கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும். டப்பா திறந்திருக்கும்போது ஆடுகிறவர் வாயால் சொன்னதெல்லாம் கதையில் நடந்துவிட்டதாகக் கணக்கு. திருப்பி வாங்க முடியாது.

இந்தக் கடைசி விதியை எழுதியபோது, பிருந்தாவுக்கு அது ரொம்ப அழகாகத் தெரிந்திருந்தது.

முதல் டப்பா பருத்திக்கொட்டை. மூடியைத் திறந்ததும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியுமாக ஒரு வாசனை எழும்பியது. "திருச்சுழியில இருந்து வீரசோழன் போற கடைசி பஸ்ஸு. நடுக்காட்டுல நின்னுருச்சு. இஞ்சின் சத்தம் அடங்கினதும் காது அடைச்ச மாதிரி ஒரு அமைதி. தூரத்துல ஒரு பழைய பருத்தி ஜின்னிங் மில்லு. கதவு தானாத் தெறக்குது..."

"அந்த ரோட்டுல ஜின்னிங் மில்லே கெடையாதே பாப்பா" என்றார் சீனிச்சாமி.

"கதைல இருக்கு மாமா."

"கதைலயும் ரோடு அதே ரோடுதான?"

மில்லுக்குள் ஒரு கிழட்டு வாட்ச்மேன். 'நான் ஆரம்பிக்கிற கதைய நீங்க முடிச்சு வச்சாத்தான் இந்தக் கதவு திரும்பத் தெறக்கும்' என்று அவன் கரகரத்த குரலில் சொல்ல, பிருந்தாவுக்கே கை மயிர் சிலிர்த்தது. கண்ணைக் கட்டியிருந்த ரேணுகாதேவி முகத்தைச் சுளித்து, "பாவம், வயசான மனுசன். சாப்பிட்டாரா இல்லையா? இரு, நான் ஒரு உப்புமா கிண்டிருதேன்" என்றாள்.

சொல்லிவிட்டாள். நடந்துவிட்டது. அந்த மில்லில் ரவை எங்கே, அடுப்பு எங்கே, கறிவேப்பிலை எங்கே என்று தேடியதில் பதினெட்டு நிமிடம் போனது. வாட்ச்மேன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

இரண்டாவது டப்பாவில்தான் வினை காத்திருந்தது.

வாட்ச்மேன் சொல்லும் கதை அது. கரிசல் காட்டு நடுவே மிளகாய்க் களம். கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு. களத்தோரம் பாழுங்கிணறு. முத்துத்தாய் என்ற பெண்ணைக் காணோம், தேடி வந்த மூன்று பேர்தான் இவர்கள். இதற்காகப் பிருந்தா டப்பாவில் நாலே நாலு பழைய வற்றல் போட்டு வைத்திருந்தாள். லேசான நெடி போதும் அவளுக்கு.

மூடியைத் திறந்தாள். உள்ளே வற்றல் இல்லை. விளிம்பு வரை அன்றைக்கு அரைத்த பொடி. முண்டு வற்றல், குண்டு மிளகாய். செக்கச் செவேலென்று.

"அப்பா! இத யாரு மாத்துனது?"

"நாந்தான். நீ வச்சிருந்தது போன வருசத்துச் சரக்கு, பூச்சி விழுந்துருந்துச்சு. பெங்களூர்க்காரவுக மூக்குக்கு அதையா நீட்டுறது? மண்டிக்குக் கேவலமில்ல?"

பதில் சொல்வதற்குள் சீனிச்சாமி கதைக்குள் எழுந்துவிட்டார். "சரி, நான் கெணத்துல எறங்குதேன்."

அச்!

வெள்ளத்துரை கையை நீட்டித் தடவி அவர் தோளைப் பிடித்து அமுக்கினார். "ஏலே, உக்காரு. ஒத்தத் தும்மல். ஆகாது, தண்ணியக் குடிச்சிட்டு எறங்கலாம்."

உட்கார்ந்தாயிற்று. நிஜச் சொம்பில் நிஜத் தண்ணீர். குடித்தாயிற்று. எழுந்தார்கள். இப்போது ரேணுகாதேவி தும்மினாள். ஒற்றையாக. மறுபடி உட்கார்ந்தார்கள்.

அப்படியே நாலு தடவை. டப்பாவை மூடலாம் என்றால், மூடினால் கதை முடிந்ததாக ஆகிவிடும். திறந்தே வைத்தால் நெடி ஓயாது. மின்விசிறியை நிறுத்தப் போனாள் பிருந்தா. "வேர்க்குது பாப்பா" என்றார் சீனிச்சாமி.

மணி மூன்றரை. இம்மானுவேல் ஏதோ எழுதினார்.

பிருந்தா பித்தளைக் குடத்தை எடுத்தாள். கிணற்றுக் குரலுக்காக வைத்திருந்த குடம். வாயை அதற்குள் விட்டு, நெஞ்சைப் பிசைகிற மாதிரி முனகினாள். "யக்கா... குளுருது யக்கா..."

மண்டி முழுக்க அந்தக் குரல் சுற்றி வந்தது. ஓட்டுக்கூரையிலிருந்த புறா ஒன்று படபடத்துப் பறந்தது.

"ஐயோ, வாரேன் தாயி!" என்று துடித்து எழுந்தாள் ரேணுகாதேவி.

அச்! இந்தத் தடவை வெள்ளத்துரை.

"உக்காரு ரேணுகா."

"அந்தப் புள்ள குளுருதுங்குது, இவுக உக்காருன்னா..."

"ஒத்தத் தும்மல்ல நான் கடையையே தெறந்தது கெடையாது. கெணத்துல எறங்க விடுவனா? நாம மூணு பேரும் உள்ள விழுந்துட்டா அந்தப் புள்ளைய யாரு தூக்குவா? சொல்லு."

"ரெட்டையாத் தும்முனாப் பரவாயில்ல. எல்லாருக்கும் ஒத்தையால்ல வருது" என்று அலுத்துக்கொண்டார் சீனிச்சாமி.

உட்கார்ந்த இடத்தில் சும்மா இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை.

"அண்ணாச்சி, கரிசக்காட்டுக் கெணறுன்னா அறுவது அடிக்குக் கொறையாது."

பிருந்தா எழுதிய ஆட்டப் புத்தகத்தில் அந்தக் கிணறு இருபது அடி. இப்போது அறுபது.

"படிக்கல்லு பேந்து கெடக்கும்."

படியும் போயிற்று.

"பாழுங்கெணத்துல நல்ல பாம்பு இல்லாம இருக்குமா?"

"மாமா!" என்று அலறினாள் பிருந்தா. "நீங்க அதுக்குள்ள எறங்கணும். ஞாவகம் இருக்கா?"

இம்மானுவேல் நிமிர்ந்து பார்த்தார். பிருந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். குறிப்பேட்டில் பேனா ஒரு கோடு இழுத்தது. அது என்ன கோடு? கழித்தலா, அடிக்கோடா? அங்கிருந்து பார்க்கத் தெரியவில்லை.

நாலு மணி. நாலே கால். அம்மா இரண்டு தடவை, அப்பா மூன்று தடவை. சொம்பு காலியாகிப் பிருந்தாவே போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். அப்படியே அந்தத் தண்ணீரை மூன்று பேர் தலையிலும் கொட்டினால் என்ன என்று தோன்றியது. எட்டு மாதம் கண் விழித்து எழுதியது. கிணற்றுச் சுவரின் பாசி எப்படி வழுக்கும், சங்கிலி எப்படிக் கிறீச்சிடும், பாதி ஆழத்தில் காற்று எப்படித் திடீரென்று குளிரும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். யாராவது இறங்கினால்தானே?

நாலரை. இன்னும் முப்பது நிமிடம். மூன்றாவது டப்பா திறக்கவே இல்லை.

வெள்ளத்துரை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சரி, கெளம்புவமா?" மூக்கு விடைத்தது. முகம் கோணியது. வாய் திறந்தது.

பிருந்தாவுக்குச் சீனிச்சாமி சொன்னது நினைவு வந்தது. ரெட்டையாத் தும்மினாப் பரவாயில்லை.

ஆடுகிறவர்களிடம் எதுவும் சொல்லத்தான் கூடாது. கிணற்றுக்குள் இருப்பவள் என்ன செய்ய வேண்டும் என்பது கதைசொல்லியின் பாடு.

அச்! என்றார் வெள்ளத்துரை.

அடுத்த கணம் பிருந்தா குடத்துக்குள் முகத்தைக் கவிழ்த்துத் தும்மினாள்.

பித்தளைக்குள் புகுந்து, சுழன்று, அறுபது அடி ஆழத்திலிருந்து எழும்பி வருவதுபோல் வெளியே வந்தது அந்தத் தும்மல். சின்னப் பெண்ணின் தும்மல். மூன்று பேரும் அப்படியே உறைந்தார்கள். சீனிச்சாமியின் கை காற்றில் நின்றது.

"ஆயுசு நூறு!" என்றாள் ரேணுகாதேவி, பழக்கத்தில்.

பிருந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முத்துத்தாய் செத்தவள். புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது. கிணற்றுக்குள் ஒலிப்பது செத்தவளின் குரல். இறங்கிப் போனால் கிடைப்பது ஒற்றைக் கொலுசு. மொத்தக் கதையும் அந்தக் கொலுசில்தான் தொங்குகிறது. இப்போது அம்மா அவளுக்கு நூறு வயதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மிளகாய் டப்பா திறந்திருக்கையில், வாய்விட்டு. திருப்பி வாங்க முடியாது.

"ரெட்டையாயிருச்சு!" வெள்ளத்துரையின் குரலில் மண்டி ஏலத்தின் வேகம் வந்துவிட்டது. "எந்திரிலே சீனி. அறுவது அடி, படி இல்ல, பாம்பு வேற. எறங்கக் கூடாது. என்ன செய்வ?"

"கயித்துக் கட்டில எறக்குவம் அண்ணாச்சி. நாலு காலுலயும் வடம் கட்டி. அந்தப் புள்ள ஏறிப் படுத்துக்கிரட்டும்."

"தாயி! கட்டிலு வருது, பயப்படாத. பாம்பு இருக்கா?"

பிருந்தா குடத்துக்குள் பரிதாபமாகச் சொன்னாள். "இருக்கு... தூங்குது."

"தூங்கட்டும். அத எழுப்பாத. சத்தமில்லாம ஏறு."

இழுத்தார்கள். மூன்று பேரும் கண்ணைக் கட்டிக்கொண்டு, இல்லாத வடத்தை மூச்சுப் பிடித்து இழுத்தார்கள். சீனிச்சாமியின் கழுத்து நரம்பு நிஜமாகவே புடைத்தது. பிருந்தா ஓசைக்கென்று வைத்திருந்த சங்கிலியைக் கல்லில் உரசினாள். கிறீச்... கிறீச்... அம்மா உதட்டைக் கடித்து அழுதுகொண்டே இழுத்தாள்.

கட்டில் மேலே வந்தது. பிருந்தா மூன்றாவது டப்பாவைத் திறந்தாள்.

நனைந்த கரிசல் மண்.

மிளகாய் நெடியின் நடுவே அந்த வாசனை மெல்லப் பரவியது. சீனிச்சாமி மூக்கைத் தூக்கினார். "மழ" என்றார், ரொம்ப மெதுவாக.

மூன்றாவது கதை முத்துத்தாயின் கதை. அதை ஆடுகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். அவள் ஏன் கிணற்றுக்குப் போனாள்? பிருந்தா காத்திருந்தாள். ஏழு நிமிடம் மிச்சம்.

ரேணுகாதேவிதான் ஆரம்பித்தாள். "காலைல தூக்குவாளிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிருக்கா. வாசப்படி தாண்டயில ஒத்தத் தும்மல். வீட்ல அத்தன பேரு இருந்தாக. உக்காருடி, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போன்னு சொல்ல ஒரு ஆளில்ல. அவ போனாப் போதும்னு இருந்துருக்காக." மூக்கை உறிஞ்சினாள். "அது தெரிஞ்சுதான் அவ திரும்பி வரல."

புத்தகத்தில் இதற்காகப் பிருந்தா நாலு பக்கம் எழுதியிருந்தாள். சாபம், புதையல், பழி என்று. அதெல்லாம் இப்போது எங்கேயோ போயிற்று.

வெள்ளத்துரை சொம்பைத் தேடி எடுத்தார். கண் கட்டியிருந்ததால் குத்துமதிப்பாக நீட்டினார். பிருந்தா இருந்த பக்கம். "உக்காரு தாயி. குடி. பெறகு எங்க போணுமோ போ. திரும்பி வா."

பிருந்தா வாங்கிக் குடித்தாள்.

மண் டப்பாவை அம்மா மூடினாள். மிளகாய் டப்பாவைச் சீனிச்சாமி மூடினார். மில்லில் வாட்ச்மேன் சாவியை எடுத்தான். கதவு திறந்தது. பருத்திக்கொட்டை டப்பாவை அப்பா மூடினார்.

மணி நாலு ஐம்பத்தெட்டு.

"முடிஞ்சுச்சா?" துண்டை அவிழ்த்த வெள்ளத்துரை கண்ணைக் கசக்கினார். "யாரு செயிச்சா?"

இம்மானுவேல் மெல்ல எழுந்து வந்தார். "ஒரே ஒரு கேள்வி. கிணத்துக்குள்ள இருந்து வந்த தும்மல் உங்க புத்தகத்துல இருக்கா?"

பொய் சொல்லலாம். புத்தகம் அவர் பையில் இருக்கிறது, பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். "இல்ல சார். அப்பத்தான் தோணுச்சு."

"உட்கார்றது, தண்ணி குடிக்கிறது?"

"அதுவும் இல்ல."

"அப்பச் சிக்கல்." அவர் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. "நல்லா இருந்துச்சு. எனக்கே கால் சில்லுன்னு ஆயிருச்சு. ஆனா ஆட்டத்தை வாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க போய்த் தும்ம முடியாதே? என் கையில இருக்குற புத்தகத்தை வச்சுத்தான் நான் எழுதணும். புத்தகத்தை வச்சுப் பார்த்தா, மூணு பேரும் கிணத்தடியிலதான் உட்கார்ந்திருக்காங்க."

"ஒரு பக்கம் எழுதித் தர்றேன் சார். இப்பவே."

"எழுதுங்க. நான் கிளம்புறதுக்குள்ள கைக்கு வந்தா அதுவும் புத்தகம்தான். ஆனா அஞ்சேகால் பஸ்ஸை விட்டா மதுரையில ரயில் போயிரும்." பையைத் தோளில் மாட்டினார். செருப்பைத் தேடிக் காலில் நுழைத்தார்.

ஒரு பக்கமா? காகிதம் எடுக்கக்கூட நேரம் இல்லை. எட்டு மாதமும் அந்தச் செருப்புக்குள் நுழைந்து வெளியே போகப் பார்த்தது. பிருந்தா எடைச் சீட்டுக் கட்டைப் பாய்ந்து எடுத்தாள். பேனா எழுதவில்லை. உதறினாள்.

இம்மானுவேல் படியில் கால் வைத்தார். அவர் மூக்கு விடைத்தது.

அச்!

ஒற்றையாக.

"தம்பி!" மூன்று குரலும் ஒரே நேரத்தில் எழுந்தன. வெள்ளத்துரை ஓடிப்போய் வாசலை மறித்து நின்றார். "உக்காருங்க."

"எனக்கு இந்த நம்பிக்கையெல்லாம் இல்லைங்க."

"எங்களுக்கு இருக்குல்ல? எங்க வாசல்ல இருந்துதான கெளம்புறீக?"

"பஸ்ஸு போயிரும்."

"அடுத்த வண்டி அஞ்சரைக்கு. பைபாஸ்ல வெரட்டிருவான். ஏலே சீனி, தம்பி பையப் பிடி."

ரேணுகாதேவி தண்ணீர் கொண்டுவந்தாள். வெறும் தண்ணீரோடு அனுப்பினால் என்ன நினைப்பார் என்று சுக்குக் காப்பி போடப் போனாள். இம்மானுவேல் பிளாஸ்டிக் நாற்காலியில் கைதியைப் போல உட்கார்ந்தார்.

பிருந்தா எழுதினாள். எடைச் சீட்டின் பின்புறம், மண்டி முத்திரைக்கு நேர் கீழே. 'மிளகாய் டப்பா திறந்திருக்கையில் யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் பயணம் நிற்கும்...'

"தண்ணிய நின்னுக்கிட்டுக் குடிக்கக் கூடாதுன்னு போடு" என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார் அப்பா.

"அப்பா, எழுத விடுங்க!"

"வத்தல் புதுசா இருக்கணும். அதப் போட்டியா பாப்பா?"

"மாமா, வெளிச்சத்த மறைக்காதீக!"

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆயுசு நூறு சொன்னா அந்தப் புள்ள பொழச்சிக்கிரும்னு மறக்காம எழுதுடி!"

"எழுதிட்டேம்மா! சும்மா இருங்க எல்லாரும்!"

உட்காருவது. குடிப்பது. எதிர்த் தும்மல், ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஒரே தடவைதான். நூறு வயது. ஐந்தாவது சீட்டில் கடைசி வரியை எழுதி நீட்டியபோது, இம்மானுவேல் காப்பியின் அடிவண்டலைக் குடித்துக்கொண்டிருந்தார். சீட்டுகளை வாங்கினார். நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் சிரித்த மாதிரி இருந்தது. புத்தகத்துக்குள் அதே வரிசையில் செருகி, குறிப்பேட்டைப் பிரித்து, முன்பு இழுத்திருந்த கோட்டை அடித்தார். கீழே ஒரு சொல் எழுதி அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

தேறியது.

பிருந்தாவுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்காரவில்லை. மணி ஐந்து பதினெட்டு.

"வாங்க சார், ஸ்கூட்டில கொண்டுபோய் விட்டுர்றேன்."

"அவுக டப்பால போடப்போற பொடிக்கு யாரு வத்தல் குடுப்பா? தம்பி, நம்ம சீனிச்சாமி சரக்கு..." அப்பா பின்னாலேயே வந்தார். "ஏம்மா, அடுத்த ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு? இந்தத் தடவ அந்தப் பாம்ப ஒரு வழி பண்ணிருவம்."

ஸ்கூட்டியைக் கிளப்பினாள் பிருந்தா. இம்மானுவேல் பின்னால் ஏறினார். வாசலில் மூன்று பேரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மூக்குக்குள் குறுகுறுவென்றது.

ஒரு கையால் வண்டியைப் பிடித்து, மறு கையால் மூக்கை இறுக்கிப் பிடித்தாள். கண்ணில் நீர் முட்டியது. மூச்சு நின்றது. தெருமுனை திரும்பி, மண்டி கண்ணுக்கு மறையும் வரை அவள் கையை எடுக்கவே இல்லை.